சுற்றிய குழலும் துளைத்த குழலும்

வேட்டைத் துப்பாக்கிக்கு எஃகுக் குழல் ஏற்றதா, கார்பன் இழைக் குழல் ஏற்றதா என்னும் விவாதம் அண்மைக் காலத்தது போலத் தோன்றினாலும், உலோகத் தண்டை நடுவே துளைத்துக் குழலாக்குவதா, மெல்லிய பட்டையைச் சுற்றிச் சுற்றிக் குழலாக்குவதா என்ற அதன் அடிப்படைக் கேள்வி 19ஆம் நூற்றாண்டின் பர்மிங்காம், லியேஜ் நகரப் பட்டறைகளிலேயே எழுந்துவிட்டது. அந்நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கு மேலோங்கி நின்றது சுற்றிய குழலே.

அதற்குக் காரணம் அக்கால இரும்பின் இயல்பு. தேனிரும்பில் கசடு நூல்நூலாக நீளவாக்கில் ஓடுவதால், தகட்டை நீளவாக்கில் வளைத்து ஒட்டிய குழல் அந்த வரியிலேயே பிளக்கக்கூடும். மேலும் வெடிப்பின் அழுத்தம் குழலின் சுற்றுவட்டத்தை இழுக்கும் விசை, அதன் நீளத்தை இழுக்கும் விசையைப் போல் இரு மடங்காகும். எனவே இரும்பு, எஃகுக் கம்பிகளை அடுக்கிக் காய்ச்சி ஒட்டி, கயிறுபோல் முறுக்கி, பட்டையாகத் தட்டி, உருளைத் தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, சம்மட்டியால் அடித்துச் சேர்த்தனர். தேய்ந்த குதிரை லாட ஆணிகளை, அடியுண்டு கசடு நீங்கிய இரும்பு என்பதற்காகவே, இங்கிலாந்தின் கொல்லர்கள் தேடி வாங்கினர். முடிந்த குழலை அமிலத்தில் நனைத்தால் அலையலையாக எழும் கோலத்தைக் கண்டு, பழைய வாள்களின் நினைவில் அதற்கு ‘டமாஸ்கஸ்’ என்று பெயரிட்டனர்.

உருக்கிய எஃகைக் கெட்டியாகுமுன் நீரழுத்த இயந்திரத்தால் அமுக்கி உள்ளிருந்த வாயுக் குமிழ்களை நீக்கும் முறையை ஜோசப் விட்வர்த் 1860களில் கொண்டுவந்த பின்னும் பழைய குழல் உடனே தோற்றுவிடவில்லை. குழல்களில் மிகைமருந்திட்டு வெடித்துத் தேறியவற்றுக்கு முத்திரை குத்தும் பர்மிங்காம் சோதனை மனை அந்நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஒப்பீட்டில், இயந்திரத்தால் அடித்துச் சேர்த்த ஆங்கிலச் சுருள்குழல் ஒன்று விட்வர்த் எஃகையும் முந்தியது. வழக்கைத் தீர்த்தது வெடிமருந்துதான். பால் வியேய் 1884இல் பிரான்சில் உருவாக்கிய புகையில்லா மருந்து குழலழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தியது; எண்ணற்ற ஒட்டுகளைக் கொண்ட சுருள்குழலில் ஒன்று பழுதானாலும் வெளியே தெரியாது. குண்டைச் சுழலச் செய்யும் திருகுபள்ளங்கள் வெட்டிய புரிகுழல் துப்பாக்கியில், அதாவது ரைபிளில், இந்த மாற்றம் விரைந்து நிகழ்ந்தது: வின்செஸ்டர் நிறுவனம் 1895இல் நிக்கல் எஃகுக் குழலுக்கு மாறியது, பின்னர் குரோமியம்-மாலிப்டினம் எஃகும் துருவேறா எஃகும் வந்தன.

துளைத்த எஃகில் எஞ்சிய குறை எடை ஒன்றே. தண்டின் வளையாத் தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடுவதால், துல்லியத்தை விரும்புவோர் தடித்த குழலை நாடினர். மலையேறுவோர் அதைச் சுமக்கத் தயங்கினர். எடையைக் குறைக்கும் முயற்சியாக, 1960இல் சந்தைக்கு வந்த வின்செஸ்டர் 59 என்னும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் மெல்லிய எஃகுக் குழாயைச் சுற்றி ஏறத்தாழ 500 மைல் நீளக் கண்ணாடி இழை சுற்றப்பட்டிருந்தது. ஆயினும் அது சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. கார்பன் இழை விமானத் துறையில் வளர்ந்தபின், 1995இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸ் அதை ரைபிள் குழலுக்குக் கொண்டுவந்தது.

ஆகவே ‘கார்பன் குழல்’ என்ற பெயரே சற்றுத் தவறானது. குண்டு ஊர்வது இன்றும் எஃகின் மேல்தான். மெலிதாகக் கடைந்த துருவேறா எஃகுக் குழாய்மேல் பிசினில் தோய்த்த இழை சுற்றப்படுகிறது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், இழைக்கலவையின் அடர்த்தி சுமார் 1.6 கிராம், அதனால் அதே பருமனில் எடை வெகுவாகக் குறைகிறது. வெப்பம் பற்றிய உரிமைகோரல்களை மட்டும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். இழை தன் நீளவாக்கில் வெப்பத்தைக் கடத்தலாம், ஆனால் குறுக்கே பிசின் தடுக்கிறது. தடித்த எஃகோ தன் நிறையினாலேயே வெப்பத்தை ஏற்று மெல்லச் சூடாகிறது. ஓரிரு வெடியோடு முடியும் மலைவேட்டைக்கு இந்த வேறுபாடு பொருட்டன்று. தொடர்ந்து சுடும் பயிற்சித் திடலில் அது பொருட்டாகும்.

சுற்றிய குழலின் மதிப்பு அதன் தோற்றத்திலும் இருந்தது. டமாஸ்கஸ் கோலத்துக்குக் கூடுதல் விலை கிடைத்த நாளில், மலிவான சாதாரணக் குழல்மேல் அதே அலைக்கோலத்தை அச்சிட்டு விற்றவர்களும் இருந்தனர். இன்றைய கார்பன் குழல்கள் பலவும் இழையின் கருங்கோலம் வெளியே தெரியும்படி வண்ணம் பூசப்படாமலே விற்கப்படுகின்றன.