மருத்துவக் கவனக்குறைவு: நோயாளியின் சட்ட உரிமைகள்

மருத்துவக் கவனக்குறைவு என்பது, அந்தத் துறையில் பயிற்சி பெற்ற சாதாரண மருத்துவர் ஒருவர் காட்டும் கவனத்தைக்கூடக் காட்டாமல் விட்டு, அதனால் நோயாளிக்குத் தவிர்த்திருக்கக்கூடிய கேடு நேர்வது. 1957இல் இங்கிலாந்தில் போலம் என்பவரின் வழக்கில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுள்ளது. சிகிச்சை பலிக்காமல் போவது மட்டும் கவனக்குறைவு ஆகாது. அப்பரின் சூலைநோயைத் தீர்க்கச் சமண மடத்தார் செய்த எதுவும் பலிக்காமல், அவர் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து சேர்ந்த ஊர் திருவதிகை. இன்றைய சட்டப்படி அந்த மடத்தார் மேல் வழக்குப் போட்டாலும் நிற்காது. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார்களா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு முன்பே இன்னொன்று வந்து நிற்கிறது: சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது யார்? நோயாளி எந்தக் கதவைத் தட்டலாம் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவச் சிகிச்சை அடங்காது என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயறிதலும் சிகிச்சையும் ‘சேவை’ அல்ல, நோயாளி ‘நுகர்வோர்’ அல்ல என்பது அதன் நிலை. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிலையைத் தள்ளிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை சேவையே. சிலரிடம் வாங்கி, ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் அந்த ஏழையும் நுகர்வோரே. எல்லோருக்குமே இலவசம் என்ற இடம் மட்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கும். அங்கே பெயருக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் கணக்கில் வராது.

நெய்வேலி நகரியத்துக்கு இந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதி முக்கியம். என்.எல்.சி. நிறுவன மருத்துவமனையில் ஊழியரும் குடும்பத்தாரும் பில் கட்டாமல் சிகிச்சை பெறுகிறார்கள். அதைத் தர்மம் என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி தவறு. வேலை நிபந்தனையின் பகுதியாக முதலாளி ஏற்கும் மருத்துவச் செலவு இலவசம் ஆகாது என்று சாந்தா தீர்ப்பே சொல்கிறது. ரயில்வே மருத்துவமனை பற்றிய பிந்தைய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கும் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதே உரிமையைத் தருகிறது.

ஆக, ஒரே தவறு நகரிய மருத்துவமனையில் நடந்தால் ஒரு வழி, முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் நடந்தால் வேறு வழி. இது நியாயமான பிரிவினை என்று சொல்வது கடினம். இலவசத்தை நம்பிப் போகிறவர்தான் ஏழை; நீளமான வழியும் அவருக்கே. ஆனாலும் அவருக்கு வழியே இல்லை என்பது சரியல்ல. உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும் இருக்கின்றன. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் நடந்த கருத்தடை அறுவையில் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டதால் இறந்த பெண்ணின் வழக்கில், ஊழியர் செய்த தவறுக்கு அரசே பொறுப்பு என்று 1996இல் தீர்ப்பானது. சாத்தூரில் 2018 டிசம்பரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞரே தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து வந்து சொன்ன பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் முன்மாதிரி வழக்கு எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையைச் சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 30 அன்று, கருவின் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். செப்டம்பர் 23 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்து இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் கண்ணைச் சோதித்தால் கோளாறை முளையிலேயே பிடிக்கலாம். விட்டுவிட்டால் திரை கழன்று பார்வை போய்விடும். அந்தக் குழந்தை மருத்துவமனையில் இருந்த நாட்களிலேயே சோதனைக் காலம் தொடங்கிவிட்டது. யாரும் கண்ணைப் பார்க்கவில்லை, பெற்றோரிடம் எச்சரிக்கவும் இல்லை. பல மாதம் கழித்து வேறொரு மருத்துவர் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அமெரிக்கா வரை கொண்டு போயும் பார்வை திரும்பவில்லை.

அரசு மருத்துவமனை என்பதற்காக இந்த வழக்கு நுகர்வோர் மன்றத்திலிருந்து வெளியே தள்ளப்படவில்லை. தேசிய ஆணையம் எய்ம்ஸ் மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்டுப் பெற்று, 2009இல் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை 1.8 கோடிக்கு உயர்த்தியது. ஏற்கெனவே ஆன செலவு ஒரு பங்கு. இனி ஆயுள் முழுதும் ஆகப்போகும் செலவு, விலைவாசி ஏற்றத்தோடு கணக்கிட்டது, பெரிய பங்கு. பணத்தின் மதிப்பு தேய்வதை இழப்பீட்டில் சேர்த்ததுதான் இந்தத் தீர்ப்பின் சட்ட முக்கியத்துவம். தீர்ப்பு வந்தபோது குழந்தைக்கு வயது 18.

ஒப்புதல் பற்றிய சட்டம் நம் வீட்டு வழக்கத்தோடு நேராக மோதுகிறது. ‘வீட்டு ஆள் யாராவது ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று நர்ஸ் கேட்டால் கணவரோ அண்ணனோ போட்டுவிடுவார். டெல்லியில் லேப்ராஸ்கோபி சோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்ட பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த நோயாளிக்காகத் தாய்கூட ஒப்புதல் தர முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குச் செல்லாது.

பதிவேடுகள்தான் வழக்கின் உயிர். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த மணிக்கு யார் பார்த்தார், என்ன மருந்து ஏறியது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டிலும் நர்ஸ் குறிப்பிலும்தான் இருக்கும். அவற்றை எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்வது நல்லது.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நுகர்வோர் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். திருவதிகைக்காரர் சென்னையிலோ புதுச்சேரியிலோ சிகிச்சை பெற்றிருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கேட்கும் இழப்பீடு கோடிக்கணக்கில் இருந்தாலும், கட்டிய பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைக்காமலும் வாதாடலாம். மருத்துவரின் உரிமம் பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே ஒழுங்கு நடவடிக்கை உண்டு, இழப்பீடு கிடையாது.

குற்ற வழக்குக்கு அளவுகோல் கடுமையானது. சாதாரணக் கவனக்குறைவு போதாது, அப்பட்டமானதாக இருக்க வேண்டும். காவல்துறை முதலில் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வரையறுக்கப்பட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டாண்டு சிறை, மற்றவர்களுக்கு ஐந்தாண்டு.

நுகர்வோர் ஆணையத்தில் காலவரம்பு இரண்டாண்டு. உடலுக்குள் மறைந்திருக்கும் கேட்டுக்கு, அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் தெரிந்துகொள்ள முயலாமல் இருந்தால் சலுகை இல்லை. 1993இல் அறுவை செய்துகொண்ட கோவாவைச் சேர்ந்த ஒரு பெண், ஒன்பதாண்டு வயிற்றுவலிக்கு மாத்திரை போட்டுக் காலம் தள்ளினார். பிறகு வயிற்றிலிருந்து பஞ்சுத்துணி எடுக்கப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைக் காலம் கடந்ததாகத் தள்ளியது. அறுவை செய்த மருத்துவரிடம் ஒருமுறையாவது திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும், அதிலும் அவர் அரசு மருத்துவமனைச் செவிலியர் என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.