தோடியின் புதுமை எது?

ராக் ரசிகர்கள் ஹென்ட்ரிக்ஸின் எந்த கிட்டார் வாசிப்பு தனித்துவமானது என்று வாதிடுவதுபோல், நாகசுர ரசிகர்கள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் (1898–1956) பற்றி வாதிட்டுவருகிறார்கள். அவருடைய ஆகச் சிறந்த புதுமை எது என்றால் பெரும்பாலோர் தோடியையே சொல்வார்கள். தோடி அவருக்கு முன்பே பலரும் வாசித்த பழைய ராகம்தானே, அதில் புதுமை எங்கே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ராகம் பொதுச்சொத்து, அதை விரித்து வாசிக்கும் ஆலாபனை அப்படியல்ல. அது வாசிப்பவரின் மனோதர்மத்தில், அதாவது கற்பனையில், அந்தந்த நேரத்தில் பிறப்பது. ஆகவே புதுமையை ராகத்தின் வயதில் தேடாமல், வாசிப்பில் தேட வேண்டும்.

வலுவான சான்று கருவியிலேயே இருக்கிறது. உச்ச சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாகசுரத்தில் சுத்த மத்தியமம் துல்லியமாகப் பேசவில்லை. தோடிக்கோ அந்த சுரம் இன்றியமையாதது. ராஜரத்தினத்தின் தேவையை உணர்ந்து நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, அந்த சுரம் சரியாகப் பேசும் பாரி நாயனம் என்ற நீண்ட நாகசுரத்தை உருவாக்கினார். அப்படியென்றால் பெருமை ஆசாரிக்குத்தானே என்று கேட்கலாம். அவருக்கும் உரியதுதான், அதை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் துளையைச் சரியான இடத்தில் வைப்பதால் மட்டும் தோடி பிறந்துவிடாது. அக்கருவியின் தாழ்ந்த சுருதியில் ராகத்தை நிதானமாக, நெடுநேரம் விரித்துக் காட்டியவர் ராஜரத்தினம். காது கேட்ட குறையைக் கருவிவரை கொண்டுபோய்த் தீர்த்த தோடியே அவருடைய ஆகச் சிறந்த புதுமை.