பாபிலோனுக்கு உரியதல்லாத பாபிலோன் மரம்

சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கிளைகள் நிலம் நோக்கித் தொங்கும் வில்லோ மரத்திற்குச் 'சாலிக்ஸ் பாபிலோனிக்கா' என்னும் பெயரை நிலைநாட்டினார். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற யூதர், ஆற்றங்கரை மரங்களில் தம் யாழ்களைத் தூக்கி வைத்துவிட்டு அழுததை விவிலியத்தின் 137ஆம் சங்கீதம் பாடுகிறது. அம்மரம் இதுவே என்னும் நம்பிக்கையே பெயருக்கு அடிப்படை.

ஆயின் இதன் தாயகம் சீனம். அங்கே இதன் பெயராகிய 'லியு', 'தங்கு' எனப் பொருள்படும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. ஆதலால் பிரிந்து செல்வோர்க்கு இதன் கிளையை ஒடித்துக் கொடுப்பது பண்டை வழக்கம். பிரிவுத் துயர் அதற்குப் பிறந்த மண்ணிலேயே உரியதாயிருந்தது.

சங்கீதம் கூறும் மரம் யூப்ரடீஸ் பாப்ளார் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. மயக்கம் நேர்ந்ததில் வியப்பில்லை. வில்லோவும் பாப்ளாரும் ஒரே குடும்பத்தன. இரண்டும் ஆற்றோரம் வளர்வன. இப்பாப்ளாரின் இளங்கிளை இலைகள் வில்லோ இலைபோல் ஒடுங்கி நீண்டிருக்கும். முதிர்கிளை இலைகளோ அகன்றிருக்கும். எனவே இலையை மட்டும் நம்பலாகாது. மொட்டைக் காண வேண்டும். வில்லோ மொட்டை ஒரே செதில் தொப்பிபோல் மூடியிருக்கும். பாப்ளார் மொட்டில் பல செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்.

வில்லோக்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வெள்ளை வில்லோவின் இலையடியில் பட்டுப்போன்ற வெண்மயிர் படர்ந்திருக்கும். 'நொறுங்கு வில்லோ' எனத்தக்க மற்றொன்றின் சிறுகிளை, வளைத்த அளவில் அடியோடு ஒடியும். ஐரோப்பியப் பூங்காக்களில் பொன்னிறக் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்பது பெரும்பாலும் வெள்ளை வில்லோவும் சீன வில்லோவும் கலந்த கலப்பினமே.

பழைய தமிழ் மொழிபெயர்ப்போ அச்சங்கீதத்தின் மரத்தை 'அலரி' என்றது. அலரி வேறு குடும்பத்தது. எனினும் ஒடுங்கிய இலையும் ஆற்றுப்படுகை வாழ்வும் அதற்கும் உண்டு. எபிரேயர் கண்டது ஒன்று. ஐரோப்பியர் எண்ணியது மற்றொன்று. தமிழர் படித்தது வேறொன்று.

பொருந்தாமை ஒன்றையே காரணங்காட்டி ஒரு பெயரை நீக்கத் தாவரப் பெயரிடல் விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே சீனத்து மரம் பாபிலோன் பெயரையே தாங்கி நிற்கிறது. கிளை தொங்கும் மரமே அழுகைக்குரியது என மனம் கொண்டது. யாழ்களைத் தாங்கிய மரமோ நிமிர்ந்து நின்றது.