லூல்கந்துரையின் பத்தொன்பது ஏக்கர்

கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டையை அடுத்த மலைச்சரிவில் அமைந்துள்ளது லூல்கந்துரை. கோப்பி செழித்திருந்த 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் இங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவரது வீட்டு விறாந்தையே முதல் தொழிற்சாலை! கொழுந்தை மேசைமீதிட்டுக் கையால் உருட்டி, கரியடுப்பில் உலர்த்தினர். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பியை அழிக்கவே, அயற்றோட்டங்களும் தேயிலைக்கு மாறின.

மலைநாட்டுக் காடுகளை வெட்டியதில் அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவர்க்கும் பங்குண்டு. தோட்டத்திலேயே தங்கி உழைத்தோர் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோர். வழியில் மாண்டோர் பலர்.

1892இல் மறைந்த டெயிலருக்குக் கண்டி மகாய்யாவையில் கல்லறை உண்டு. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரையோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.