35 வயதில் ஆட்டிசம் தெரியவருமா? பெரியவர்களிடம் எப்படிக் கண்டறிகிறார்கள்?

ஆட்டிசம் என்றாலே குழந்தைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளும் வளர்ந்து பெரியவங்க ஆகிறாங்க. பலருக்கு அது ஆட்டிசம் என்று சொல்லவே ஆள் இருந்ததில்லை. 'திமிர் பிடிச்சவன்', 'யார்கிட்டயும் ஒட்டமாட்டா' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

இத்தனை வருஷம் தெரியாமலா இருக்கும்?

இருக்கும். ஆட்டிசம் பிறவியிலிருந்தே இருப்பது, முப்பது வயதில் புதிதாக வருவதில்லை. ஆனால் பழகவேண்டிய சூழல் கடினமாகும் வரை அது வெளியே தெரியாமல் போகலாம் என்று 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேடே சொல்கிறது.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்குவோம். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்பவருக்கு அதே வேலை, அதே ஆட்கள், சீரான சத்தம். அதிகம் பேச வேண்டியதில்லை. அவரே ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனால் ஷிஃப்ட் மாறும், சூப்பர்வைசர் ஜாடையாகப் பேசுவார், கேன்டீனில் கூட்டம். அங்கேதான் சிக்கல் தெரிய ஆரம்பிக்கும். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர் கருட சேவைக் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொள்வதும் நடிப்பு இல்லை. எதிர்பாராத சத்தம் வேறு, பழகிய சத்தம் வேறு.

பெண்களிடம் இன்னும் தாமதமாகிறது. மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்து சமாளித்துவிடுவார்கள். பதற்றம், மனச்சோர்வு என்று மட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

என்ன டெஸ்ட்?

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாது. மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ விரிவாகப் பேசி, கவனித்துத்தான் முடிவு செய்வார்கள். சின்ன வயதில் எப்போது பேசினார், எப்படி விளையாடினார் என்று கேட்பார்கள். அம்மாவையோ அக்காவையோ கூட்டிப்போவது நல்லது, பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டும் உதவும். ஏடிஎச்டி, ஓசிடி, சமூகப் பதற்றம் போன்றவையா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் உள்ள 50 கேள்வி 'ஏக்யூ' தேர்வு ஒரு அறிகுறி மட்டும்தான், அதுவே முடிவு அல்ல.

சான்றிதழ் கிடைக்குமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழுக்கு 'ஐசா' என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்விகள், மதிப்பெண் 40 முதல் 200 வரை. 70 எடுத்தால் 40 சதவீதம். அதற்குக் கீழே போனால், டாக்டர் ஆட்டிசம் என்று உறுதி செய்திருந்தாலும் அரசு வேலை இடஒதுக்கீடு கிடைக்காது. பேசி, படித்து, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு இது பெரிய இடி.

எங்கே போவது?

முதலில் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் மத்திய அரசின் 'நிப்மெட்' நிறுவனம் இருக்கிறது. 2019 வரை அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, இப்போது செங்கல்பட்டு. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம். யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லையா? 14416 டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.