இரண்டே டார்பிடோ

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் எப்போது முடிந்தது என்று கேட்டால் சட்டென்று 1945 மே 8 என்று சொல்லிவிடுவோம். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பெர்லினிலும் இத்தாலியிலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடலுக்கு அடியில்? அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு யு-2336 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிதான் நினைவுக்கு வரும்.

அதன் வரலாறு ரொம்பச் சின்னது. மொத்தமே ஒரு போர்ப் பயணம்தான், சுட்டது இரண்டு டார்பிடோ.

இப்படி ஒரு கப்பல் ஏன் பிறந்தது என்று புரிய 1943 மே மாதத்துக்குப் போகணும். அந்த ஒரே மாதத்தில் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. அதுவரை இருந்தவற்றை நீர்மூழ்கி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். தேவைப்பட்டால் முங்கத் தெரிந்த கப்பல்கள், அவ்வளவுதான். பேட்டரியை சார்ஜ் செய்ய மேலே வந்தே ஆகவேண்டும். வந்தால் ரேடாரோடு விமானம் காத்திருக்கும். ஆகவே மேலேயே வரத் தேவையில்லாத ஒன்றைக் கட்ட முடிவெடுத்தார்கள். அப்படி உருவான புது ரகங்களில் சின்னது இருபத்துமூன்றாம் வகை.

சுமார் 35 மீட்டர் நீளம். பதினைந்து பேரைச் சுற்றி ஆட்கள். மற்ற நீர்மூழ்கிகள் நீருக்கு மேலே வேகம், அடியில் மந்தம். இது நேர் எதிர், அடியில்தான் வேகம் அதிகம். ஸ்நார்க்கல் குழாயை மட்டும் மேலே நீட்டி, காற்றை இழுத்து டீசல் எஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். இத்தனைக்கும் விலையாகப் போனது இடம். பீரங்கி கிடையாது. டார்பிடோ இரண்டே இரண்டு. மாற்று வைக்க இடமில்லை. அந்த இரண்டையும் துறைமுகத்திலேயே வெளியிலிருந்துதான் குழாய்க்குள் ஏற்ற வேண்டும்.

யு-2336 ஹாம்பர்க்கில் கட்டப்பட்டு 1944 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. 1945 ஏப்ரலில் எமில் க்ளுஸ்மெயர் அதன் கமாண்டர் ஆனார். மே தொடக்கத்தில் நார்வேயின் லார்விக் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். ஹிட்லர் அப்போது செத்துப்போயிருந்தார். அவருக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த டோனிட்ஸ், நீர்மூழ்கிப் படையை வளர்த்தெடுத்தவர். மே 4 அன்று அவரே எல்லா நீர்மூழ்கிகளுக்கும் கட்டளை அனுப்பினார்: தாக்குதலை நிறுத்துங்கள், திரும்புங்கள்.

மே 7 அதிகாலை பிரான்சின் ரான்ஸ் நகரில் ஜெர்மனி சரணாகதியில் கையெழுத்திட்டது. அமலுக்கு வரும் நேரம் மறுநாள் இரவு.

இடையில் ஒரு ராத்திரி இருந்தது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், மே தீவுக்குப் பக்கத்தில், மெத்தில் துறைமுகத்திலிருந்து பெல்ஃபாஸ்டுக்குக் கிளம்பிய வணிகக் கப்பல் வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. யு-2336 இரண்டு டார்பிடோவையும் சுட்டது. இரண்டும் பட்டன. நார்வேயின் ஸ்னேலாண்ட்-1, பிரிட்டனின் அவண்டேல் பார்க். முதலாவதில் ஏழு பேர், அடுத்ததில் இரண்டு பேர். ஐரோப்பியப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த கடைசிக் கப்பல்கள் இவைதான்.

கட்டளை தன்னை எட்டவில்லை என்றார் க்ளுஸ்மெயர். நம்பாதவர்களும் உண்டு. அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மேலே வராமல் ஒளிந்திருக்க முடியும் என்பதுதான் அந்தக் கப்பலின் பெருமை. விமானத்தின் கண்ணில் படாமல் காப்பாற்றிய அதே ஆழம், 'போதும் நிறுத்து' என்ற செய்தியும் வந்து சேராத ஆழமாக இருந்திருக்கிறது.

இந்த ரகத்தைப் பற்றிப் பேசும் ராணுவ ஆர்வலர்கள் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: "ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" தொழில்நுட்பமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். போர்ப் பயணம் போன இருபத்துமூன்றாம் வகைக் கப்பல்கள் ஆறு. கடலில் எதிரியால் ஒன்றைக்கூட அழிக்க முடியவில்லை. யு-2336-இன் கணக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் அந்த நூறு எதனால் ஆனது? நார்வே 1940இலிருந்து ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அப்போது வெளிக்கடலில் இருந்த நார்வே வணிகக் கப்பல்கள் ஊர் திரும்ப முடியாமல் நேச நாடுகளுக்காகச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடின. அந்த மாலுமிகளில் பலர் ஐந்து வருஷமாக வீட்டைப் பார்க்கவில்லை. அவர்களுடைய நாட்டுத் துறைமுகத்திலிருந்தே கிளம்பி வந்த நீர்மூழ்கி ஸ்னேலாண்டை அடித்தது. மறுநாள் நார்வே விடுதலையானது. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தால் இப்படி இன்னும் எத்தனை ஸ்னேலாண்ட்கள் என்பதுதான் அந்தக் கேள்விக்கு என் பதில்.

யு-2336 ஒரு கீறல் இல்லாமல் ஜெர்மனிக்குத் திரும்பி சரணடைந்தது. கைப்பற்றிய நீர்மூழ்கிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை பிரிட்டன் வட அட்லாண்டிக்கில் கொண்டுபோய் மூழ்கடித்தது. 1946 ஜனவரியில் இதுவும் அவற்றோடு போனது. அப்போது அதற்குள் ஆள் யாரும் இல்லை.