டாக்டர் வைட்டின் பருத்தி

திருப்பூருக்கு நான் போனது ஒரு நாவலுக்காக. பருத்தித் தரகர் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை எழுதுவதாக உத்தேசம். பனியன் கம்பெனி வாசல்களில் லாரிகள் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த தெருக்களைக் கடந்து, பழைய பருத்தி மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன்.

"இந்தப் பக்கத்துக்குப் பருத்தியை யார் கொண்டு வந்தார்கள்?" என்று கேட்டு வைத்தேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

"பருத்தி எப்பவும் இருந்துச்சுங்க தம்பி. அப்புறமா வந்ததுதானுங்க கம்போடியா."

அசட்டுக் கேள்விதான். ஆனால் அது என்னைப் புத்தகசாலைக்குத் துரத்தியது. அங்கே எதிர்ப்பட்டவர்தான் டாக்டர் ராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796-ல் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்துவிட்டு, 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி ஸர்ஜனாகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். பிழைப்புக்கு வைத்தியம், மனசு முழுவதும் செடி கொடிகளில். சர்க்கார் இயற்கை ஆராய்ச்சியாளர் என்ற உத்தியோகம் ஒரு சமயம் கிடைத்தது. 1828-ல் செலவு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டார்கள். அவரை நாகப்பட்டினத்துக்குப் படை வைத்தியராக அனுப்பினார்கள். மனுஷர் சளைக்கவில்லை. 1831-ல் விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டபோது உடன் கொண்டுபோன உலர்ந்த செடிகள் மட்டும் சுமார் ஒரு லட்சம் என்கிறார்கள். அவற்றைக் கொண்டு அவரும் நண்பர் அர்னாட்டும் சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூல் 1834-ல் வெளியாயிற்று.

திரும்பி வந்தவரைக் கம்பெனியார் பருத்தியில் மாட்டிவைத்தார்கள். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீள இழைப் பஞ்சு வேண்டும். அதைக் கொடுத்தது அமெரிக்கா. அங்கே அதைப் பயிரிட்டவர்கள் நீக்ரோ அடிமைகள். ஒரே நாட்டை நம்பியிருக்க வியாபாரிகளுக்குப் பயம். அந்த விதையை இந்தியாவிலேயே விளைவித்தால் என்ன? 1840-ல் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலரைச் சம்பளம் பேசி வரவழைத்தார்கள். கோயமுத்தூரில் பருத்திப் பண்ணை ஏற்பட்டது. 1842 முதல் 1853 வரை, அதாவது தம் நாற்பத்தாறாம் வயது முதல் ஐம்பத்தேழாம் வயது வரை, வைட் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

காரியம் கைகூடவில்லை. செடி முளைத்தது, காய்த்தது. குடியானவன்தான் அதை ஏற்கவில்லை. ஏன் ஏற்க வேண்டும்? கொங்குச் சீமையில் மழை குறைவு. மேற்கு மலை தென்மேற்குப் பருவத்தை மறித்துக்கொள்கிறது. மழை பொய்த்தாலும் நாட்டுப் பருத்தி ஏதோ நாலு காய் கொடுக்கும். வீட்டுக் கிழவி நூற்கவும் ஊர் நெசவாளி நெய்யவும் அது போதும். சீமைக்காரனுக்காகப் புது விதையை நட்டு, வண்டி மாட்டில் துறைமுகம் வரை அனுப்பி, தரகர் போட்ட விலைக்கு விற்க அவனுக்குப் பைத்தியமா? இந்த வழியாக ரயில் வந்ததே 1862-ல்தான். மறு வருஷங்களில், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் பஞ்சு விலை வானத்துக்கு ஏறியபோது, வைட் பண்ணையை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டிருந்தது.

பின்பு 1904, 1905 வாக்கில் கம்போடியாப் பருத்தி வந்தது. பெயர்தான் கம்போடியா, ஜாதி அமெரிக்கப் பருத்தி. வைட் தலைகீழாக நின்றும் ஒட்டாத அதே ஜாதி, வேறு வழியாக வந்து, கவலை பூட்டிக் கிணற்று நீர் இறைத்த செம்மண் காடுகளில் ஜாம் ஜாமென்று விளைந்தது. திருப்பூர் பெரும் பருத்திச் சந்தையாயிற்று. அரவை ஆலைகள் வந்தன. 1920-களை ஒட்டிப் பனியன் இயந்திரமும் வந்து சேர்ந்தது. இன்னொரு வேடிக்கை: வைட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் பருத்தி அமெரிக்க ஜாதி அல்ல. நம் நாட்டுப் பருத்தியில் ஓர் இனத்துக்குத்தான் 'வைட்டியானம்' என்று பெயரிட்டிருக்கிறார் ஓர் இத்தாலிய அறிஞர்.

பண்ணையில் தோற்றவர் என்று மட்டும் அவரை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் பருத்திக் காட்டில் அலைந்த அதே வருஷங்களில் அவருடைய படப் புத்தகமும் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. 1838-ல் தொடங்கி 1853-ல் முடிந்தது. மொத்தம் 2101 படங்கள். கல்லச்சுக் கலையைத் தாமே கற்றுக்கொண்டு சென்னையிலேயே அச்சடித்தார்.

படங்களை வரைந்தவர்கள் நம்மவர்கள். முதலில் ரங்கையா, 1840-களின் நடுவிலிருந்து கோவிந்து. பெயரைப் பார்த்தால் தெலுங்கு பேசும் ஓவியர்கள். இலை நரம்பு, பூவின் உள்ளறை, விதையின் குறுக்கு வெட்டு எல்லாம் அவர்கள் தூரிகையில் அப்படியே நிற்கின்றன. பிறந்த வருஷத்தையோ இறந்த வருஷத்தையோ யாரும் குறித்துவைக்கவில்லை. அந்தக் காலத்துத் துரைமார் பலர் ஓவியனின் பெயரையே போடுவதில்லை. வைட் போட்டார், படத்துக்கடியில் அச்சிலேயே இருக்கிறது. அதோடு விடவில்லை, ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் 'கோவிந்தூயா' என்று நாமகரணமும் செய்தார். பிற்காலத்து அறிஞர்கள் அதை வேறு இனத்தோடு சேர்த்து அந்தப் பெயரைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தந்தான்.

1853-ல் வைட் ஊர் திரும்பி, இங்கிலாந்தில் ரெடிங் பக்கத்தில் விவசாயம் பார்த்து, 1872-ல் காலமானார். எடின்பரோ தாவரத் தோட்டத்தில் அந்த ஓவியங்களில் நூற்றுக்கணக்கானவை பத்திரமாக இருக்கின்றன. 2007-ல் ஹென்றி நோல்ட்டி என்ற அறிஞர் வெளியிட்ட மூன்று பாகப் புத்தகத்தின் தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து பெயர்களும் வைட்டின் பெயரோடு இடம்பெற்றிருக்கின்றன.

மறுமுறை திருப்பூர் போனபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பருத்திக் கதையைப் பொறுமையாகக் கேட்டார், "தண்ணியில்லாம என்னங்க பண்ணுவார்?" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு, "படம் போட்டவங்க பேரை இன்னொருக்கா சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன். சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டை எடுத்து, மண்டிக் கணக்கு எழுதிய அந்தக் குண்டு எழுத்தில் இரண்டு பெயர்களையும் குறித்துக்கொண்டார்.